ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்பவர்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. பிரிவு 94. மனநோயால் ஒருவர் தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு செய்துவிடும் நிலையில் இருந்தால், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவருக்கு அவசரச் சிகிச்சை அளிக்கலாம். எழுபத்திரண்டு மணி நேரம் வரை அளிக்கலாம். அருகிலுள்ள மனநல நிலையத்துக்கு அவரைக் கொண்டு சேர்ப்பதும் அந்தச் சிகிச்சையில் அடங்கும். மனநல மருத்துவர்தான் வர வேண்டும் என்று பிரிவு சொல்லவில்லை. போலீசுக்குத் தெரிவித்த பிறகுதான் ஊசி போடலாம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொருந்தாது என்று சொல்லவில்லை. அருகிலுள்ள நிலையம் பக்கத்து மாநிலத்தில் இருந்தால் அதை அருகில் இல்லை என்று கருத வேண்டும் என்றும் சொல்லவில்லை.

இதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். ஓசூரில் எங்கள் குடியிருப்பின் மற்ற ஓய்வூதியர்கள் காலையில் நடக்கப் போவார்கள். நான் சட்டப் புத்தகம் படிப்பேன். அதனால் அவர்களைவிட எனக்குச் சர்க்கரையும் கூடுதல், சட்டமும் கூடுதல். எதிர் வீட்டு அம்மாவுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு வரியும் தெரியாது. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும், எனக்கு அவர் முதலில் சொன்ன பெயர் சரியான பெயர்தானா என்பதற்குப் பல ஆண்டுகள் என்னிடம் சான்று எதுவும் இருக்கவில்லை.

முதல் முறை கவனித்தது வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பின்போது. ஒரு பள்ளி ஆசிரியை வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். எதிர் வீட்டு வாசலில் நின்று கேட்டார். அந்த அம்மா பெயர் சொன்னார், வயது சொன்னார், கதவு எண் பதினேழு என்றார். நான் என் வீட்டு மாடியிலிருந்து, பொது நலன் கருதி, "அம்மா, உங்க வீடு பத்தொன்பது" என்று திருத்தினேன். ஆசிரியை அடித்து எழுதினார். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அன்று மாலை வரை நான் மாடிக்குப் போகவில்லை.

மறுநாள் அவரே வந்தார். கையில் நாலைந்து ரோஜா. பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் தரம் பிரிக்கும் மேசையில் அவருக்கு வேலை. காம்பின் நீளத்தை அளந்து, அறுபது சென்டிமீட்டர், ஐம்பது, நாற்பது என்று பிரித்து, இருபது இருபதாக அட்டையில் சுருட்டிக் கட்ட வேண்டும். காம்பு வளைந்தவை விலைக்குப் போகாது. அவைதான் எனக்கு வந்தன.

"சார், நீங்க ஆபீசராமே."

"ரிட்டயர்டு."

"அதான் பழக்கம் விடல. இன்னொரு தடவ என் வூட்டு நம்பர நீங்க சொல்லாதீங்க."

"தப்பாச் சொன்னீங்களே அம்மா."

"தப்பா இல்ல சார். ஒன்னு மட்டும் மாத்திச் சொன்னேன். எல்லாத்தையும் சரியாச் சொன்னா, நாளைக்குத் தேடிட்டு வர்றவனுக்கு ஈசியாப் போயிடும். ரெண்டு மாத்தினா அது பொய்யி. ஒன்னு மாத்தினா எழுதினவன் தப்பு."

முப்பத்து நான்கு ஆண்டுகளில் என் மேசைக்கு வந்த பிழைதிருத்த மனுக்கள் எத்தனை! எழுத்தர்களை நான் திட்டிய திட்டுகள் எத்தனை! அவற்றில் எத்தனை இப்படிப் பிறந்தவை என்று அன்றுதான் யோசித்தேன்.

அதன்பின் கவனித்துப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கானது. காஸ் ஏஜென்சியில் கணவரின் முதலெழுத்தை மாற்றினார். குடும்ப அட்டைக்குத் தன் வயதில் நான்கைக் குறைத்தார். கொசு ஒழிப்புக்கு வரும் நகராட்சிப் பெண்கள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சுவரில் தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். பண்ணையில் தன் ஊர் கல்லாவி என்று சொல்லியிருந்தார். எங்கள் தெருவுக்கு வேப்பனப்பள்ளி. வேப்பனப்பள்ளியில் அவருடைய தம்பிக்கு மாந்தோப்பு இருந்தது. மே மாதத்தில் கூடை வரும். ஆகவே வேப்பனப்பள்ளிதான் உண்மை என்று பழத்தைத் தின்று முடிவு செய்தேன்.

எங்கே கற்றார் என்று ஒரு நாள் கேட்டேன். வேலைக்குப் போகும் வேனுக்காகக் காத்திருந்தவர், வேன் வருவதற்குள் சொல்லி முடித்தார். கணவர், இரும்புத் தகட்டை அழுத்தி வடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. இயந்திரத்தில் சிக்கி இறந்தார். அதிகாரிகள் வந்தார்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் இவர் சரியாகப் பதில் சொன்னார். பிறகு அவர்கள் எழுதிய அறிக்கையின் நகல் வாங்கி, யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"என் பேரு, அவுரு பேரு, ஊரு, தெரு எல்லாம் சரியாத்தான் சார் எழுதியிருந்தாங்க. உசுரு போன எடத்த மட்டும் மாத்திட்டாங்க. கம்பெனிக்குள்ள இல்லியாம், ரோட்டுலயாம். ஒன்னே ஒன்னு. அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்."

வேன் வந்துவிட்டது. ஏறிப் போனார்.

ஒரே மகன். டிப்ளமோ படித்தவன், இருபத்தைந்து வயது, வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சிஎன்சி ஆபரேட்டர். அம்மாவும் மகனும் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வேன் டிரைவரிடம் கன்னடம். மகனை அவர் 'நாயனா' என்று கூப்பிடுவார், தெலுங்கு வீடுகளில் பிள்ளைகளைக் கொஞ்சுகிற வார்த்தை. அவன் மரியாதையான பையன். என்னைப் பார்த்தால் வண்டியின் வேகத்தைக் குறைப்பான்.

2018 தீபாவளிக்குப் பிறகு ஒரு மாலை அவன் என்னிடம் வந்தான். தொழிற்சாலையில் விரல்ரேகை வைக்கும் வருகைப்பதிவு இயந்திரம் வந்திருக்கிறது. வைக்க அவனுக்கு விருப்பமில்லை. வைக்காத நாளுக்கு வருகை இல்லை என்கிறார்கள். இது சட்டப்படி சரியா?

இப்படி ஒரு கேள்வி கேட்ட இளைஞனை நான் அதுவரை பார்த்ததில்லை. மகிழ்ச்சியில் காபி போடச் சொன்னேன். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து ஆரம்பித்து, தொழிலாளர் துறைக்கு மூன்று பக்கத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. அவன் அதை ஒவ்வொரு வரியாக இரண்டு முறை படித்தான். 'எடுக்கப்பட்ட ரேகைகள் வேறெங்கும் பயன்படுத்தப்படலாம்' என்ற வரிக்கு வந்ததும், "சார், பயன்படுத்தறாங்க சார். ஏற்கெனவே பயன்படுத்தறாங்க" என்றான். நான் அதை அரசியல் விழிப்புணர்வு என்று எடுத்துக்கொண்டேன். அந்த மனுவை அவன் அனுப்பவில்லை என்பது பின்னால் தெரிந்தது. தபால்காரர் மீது அவனுக்குச் சந்தேகம் இருந்தது.

அந்த அம்மாவும் பூரித்துத்தான் போயிருந்தார். "பையன் விவரமாயிட்டான் சார். மெஷினுக்குக் கூட வெரல் குடுக்க மாட்டேங்கறான்" என்று சொன்னார். மற்ற வீடுகளில் இருபத்தைந்து வயதுப் பையன் காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் பெயர் சொல்ல மறுத்தால் தாய் பயந்திருப்பாள். அந்த வீட்டில் அது நல்ல வளர்ப்பு. அவன் செல்போனை அரிசி டப்பாவில் போட்டு மூடியதும், கேன் தண்ணீர் வேண்டாம் என்றதும், தெருவிளக்குக் கம்பத்துக்கு முதுகைக் காட்டாமல் நடந்ததும் அவர் கண்ணில் பட்டன. அவர் தன்னையே அவனிடம் பார்த்தார். பெருமைப்பட்டார். நோய் வந்து இரண்டு மாதம் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது. யாருக்கும் அது விருந்தாளி என்று தெரியவில்லை.

ஜனவரியில் ரோஜாப் பண்ணைகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பிப்ரவரி பதினான்குக்காக வெளிநாடு போகும் பூ அப்போதுதான் கட்டப்படும். காலை ஆறு மணிக்குப் போனால் இருட்டியபின் வருவார். மகன் இரவில் தூங்காமல் இருப்பதை அந்த மாதக் கடைசியில்தான் கவனித்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். செருப்பில்லை.

"சார், ஒரு தரம் வாங்க. போன் யாருக்கும் பண்ணாதீங்க. வாங்க."

பின்னறையை அவன் உள்ளே தாழிட்டிருந்தான். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தரையில் எமரி பேப்பர் துண்டுகள். இரும்பைத் தேய்க்கும் அந்தத் தாளால் பத்து விரல்களின் நுனியையும் தேய்த்திருந்தான். ரேகை இருந்த இடமெல்லாம் சிவந்து ஈரமாக இருந்தது. மடியில் இரும்பறுக்கும் ஹேக்சா பிளேடு ஒன்று. தேய்த்தால் மறுபடி முளைக்கிறது, அதனால் கட்டைவிரலையே எடுத்துவிடப் போவதாக, கோபமே இல்லாமல், வேலை விவரம் சொல்வது போலச் சொன்னான்.

நான் ஆம்புலன்சைக் கூப்பிடலாம் என்றேன். பிரிவு 94-ஐச் சொன்னேன்.

"பேரு கேப்பான். எழுதுவான். எழுதினது ஸ்டேஷனுக்குப் போவும், அங்கேருந்து கம்பெனிக்குப் போவும். நாளைக்கு இவனுக்கு எவன் வேல குடுப்பான், எவ பொண்ணு குடுப்பா? வேணாம் சார்."

"கையை அறுத்துக்குவான் அம்மா."

அவர் கதவருகே போய் உட்கார்ந்தார்.

"நாயனா, கதவத் தெற. அழிக்கிறதுக்கு ஆளு கெடச்சிட்டாரு."

உள்ளே அரவம் நின்றது. "யாரு?"

"கர்நாடகாவுல ஒரு டாக்டரு. ரேகைய மருந்துலயே அழிச்சிடுவாராம். திரும்ப மொளைக்காதாம். பிளேடு வேணாம், எரியும்."

"பேரு கேப்பாரா?"

"கேட்டா நான் பாத்துக்கறேன். நான் எவங்கிட்டனா எல்லாத்தையும் சரியாச் சொல்லி நீ பாத்திருக்கியா?"

வெகு நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிளேடை அவனே அவரிடம் கொடுத்தான்.

நோயாளியின் ஒப்புதல் பெறுவது எப்படி என்று நான் படித்த எதிலும் இந்த முறை இல்லை. இதைவிட வேகமான முறையும் இல்லை.

முதலில் ஓசூரிலேயே ஒரு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். ரத்தத்தோடு எல்லையைத் தாண்டினால் போலீஸ் கேட்கும், கட்டுப் போட்டுக்கொண்டு போகலாம் என்று அவனிடம் சொல்லியிருந்தார். பணியில் இருந்த மருத்துவர் இளைஞர், முந்தின நாளிலிருந்தே அங்கே இருப்பவர் போலத் தெரிந்தார். விரல்களுக்கு மருந்து வைத்துக் கட்டச் சொன்னார். பதிவேட்டில் எழுத அந்த அம்மா மகனின் பெயரைச் சரியாகவும் முதலெழுத்தைத் தவறாகவும் சொன்னார். மகன் என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். அம்மா வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். "சார், சைக்கியாட்ரிஸ்ட் நாளைக்குத்தான் வருவார். தனக்குத்தானே காயம் பண்ணியிருக்காரு, போலீசுக்குத் தகவல் குடுக்கணும். ரெஃபர் பண்ணி எழுதறேன், மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அது இங்கிருந்து ரெண்டு மணி நேரம். பெங்களூர்ல இருக்கிற பெரிய மனநல மருத்துவமனை ஒரு மணி நேரம்."

"அது வேற ஸ்டேட் சார். ஆம்புலன்ஸ் பார்டர் தாண்டாது."

நான் பிரிவு 94-ஐ முழுமையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க அட்வகேட்டா?"

"ரிட்டயர்டு டெபுடி தாசில்தார்."

"அப்ப உங்களுக்கே தெரியும். எனக்கு மேல ஆள் இருக்காங்க. எழுத்துல குடுங்க சார், மேல அனுப்பறேன்."

எழுத்தில் கொடுங்கள். எத்தனை ஆயிரம் பேரிடம் நான் சொன்ன சொல்! அதை வாங்கிக்கொள்ளும் பக்கம் உட்கார்ந்தது அன்றுதான். ஆனாலும் பழக்கம். நர்சிடம் ஒரு தாள் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, அனுப்புநர், பெறுநர், பொருள் எழுதி, இரண்டாவது பத்தியில் 'மேற்படி பிரிவின்படி' என்று தொடங்கியபோது அந்த அம்மா என் தோளைத் தட்டினார்.

"வாங்க சார். வண்டி வந்திருச்சி."

வெளியே ரோஜாப் பண்ணையின் குட்டியானை வண்டி நின்றது. பெங்களூருக்குப் பகல் லோடு போகிற வழியில் அதை இங்கே திருப்பிவிட்டிருந்தார். என்னை டிரைவருக்குப் பக்கத்தில் ஏறச் சொன்னார். பின்னால் பூப்பெட்டிகளுக்கு நடுவே அவரும் மகனும். டிரைவர் என்னைப் பார்த்து, "கையெல்லாம் கட்டு போட்டிருக்காரே, மெஷின்ல மாட்டிக்கிட்டாரா சார்?" என்றார்.

"ஆமாம்" என்றேன். ஒருவகையில் அது சரியான பதில்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சீருடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பின்பக்கம் போய், "ஏனிதெ?" என்றார்.

"ஹூவா சார். ரோஜா."

"இவனு யாரு?"

"நம்ம தம்மா" என்றார் அந்த அம்மா. தம்பி. பெற்ற பிள்ளையை ஒரு தலைமுறை மேலே ஏற்றிவிட்டார். சீருடைக்காரர் இரண்டு ரோஜாவை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். வண்டி நகர்ந்ததும் பின்னாலிருந்து மகன் சிரிக்கும் சத்தம் கேட்டது. வாய்விட்டு, சின்னப் பிள்ளை போல. "தம்பியா? நான் உனக்குத் தம்பியாம்மா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க முயன்றதுண்டு.

பெங்களூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் மருத்துவர். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். மகனைப் பத்து நிமிடம் தனியாகப் பார்த்துவிட்டு, எங்களையும் உள்ளே கூப்பிட்டார். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, இவருக்கு இப்பவே ஊசி போடணும். அதுக்கு முன்னாடி எனக்குச் சரியான விவரம் வேணும். பேரு, வயசு, முன்னாடி ஏதாவது மருந்து ஒத்துக்காம போச்சா, எப்ப, எங்க பாத்தீங்க. ஒன்னு தப்பாப் போனாக்கூடக் கஷ்டம் இவருக்குத்தான்."

அவர் மருத்துவரின் பேனாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இந்தம்மா எழுதறது எங்க போவும்?"

"பிரிவு இருபத்து மூணு. ரகசியமா வெக்கணும். கம்பெனிக்கோ போலீசுக்கோ..."

"சட்டத்தக் கேக்கல சார். போவுமா, போவாதா?"

"தெரியாது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எத்தனையோ ஆண்டுகளில் நான் சொன்னவற்றில் அவர் நம்பிய ஒரே பதில் அதுதான் என்று நினைக்கிறேன். மருத்துவர் பக்கம் திரும்பி ஆரம்பித்தார். மகனின் பெயர், சரியான முதலெழுத்துடன். பிறந்த தேதி. ஒன்பது வயதில் காய்ச்சலுக்குப் போட்ட ஓர் ஊசியில் முகம் வீங்கி மூச்சு முட்டியது, எந்த ஊர், எந்த மருத்துவமனை, அந்தச் சீட்டு இன்னும் யாரிடம் இருக்கிறது. தன் பெயர். கணவர் பெயர். அவர் எங்கே இறந்தார். தீபாவளியிலிருந்து மகன் செய்த ஒவ்வொன்றும், தான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது உட்பட. முகவரி கேட்டபோது அதையும். மருத்துவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"அம்மா" என்றான் மகன். "எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் நாயனா."

"டோர் நம்பரு?"

"அதுவும்."

"பத்தொன்பதுன்னா?"

"பத்தொன்பதுன்னுதான்."

அவன் கத்தவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஊசிக்குக் கையை நீட்டினான், அம்மாவைப் பார்க்காமல்.

பிரிவு 89-இன்படி முப்பது நாள் வரை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அந்த அம்மா போனார். விரல்கள் ஆறின, தூக்கம் வந்தது, தண்ணீரில் ஒன்றுமில்லை என்று அவனே சொல்லிக் குடித்தான். நர்சுகளிடம் பேசினான். என்னிடம் கிரிக்கெட் பேசினான். அம்மா கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டான், அம்மாவிடம் பேசவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று மருத்துவர் அவனுக்குப் பிரிவு 14-ஐ விளக்கினார். மறுபடி இப்படி ஆகி, அவனால் தீர்மானிக்க முடியாமல் போனால், அவனுக்காகத் தீர்மானிக்க ஒருவரை, நியமனப் பிரதிநிதியாக, அவனே இப்போது நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"அம்மா வேணாம்" என்றான்.

"வேற யாரு?"

"யோசிச்சுச் சொல்றேன்."

தாய்மாமனோடு வேப்பனப்பள்ளித் தோப்புக்குப் போய்விட்டான். மருத்துவர் அந்த அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னார்: இது திரும்ப வரலாம். வந்தால், யார் கூப்பிட்டால் இவன் எழுந்து வருவான் என்பதுதான் கேள்வி.

திரும்பும் பஸ்ஸில் நான் ஆறுதலாக, "அவன் யாரையும் எழுதித் தரலேன்னா கவலைப்படாதீங்க. சட்டப்படி அடுத்து நீங்கதான்" என்றேன்.

"சட்டப்படி நான் வேணாம் சார்" என்றார்.

ஏப்ரலில் ஒரு மாலை வந்தார். பூ கொண்டுவரவில்லை.

"சார், ஒரு மனு எழுதிக் குடுங்க."

"யாருக்கு?"

"எம் பையனுக்கு."

ஓய்வுபெற்ற பிறகு நான் எழுதிய மனுக்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். மகனுக்கு எழுதியது அது ஒன்றுதான். அனுப்புநர், பெறுநர் எழுதினேன். பொருள்: நியமனப் பிரதிநிதியாக ஏற்கக் கோருதல் தொடர்பாக. பிறகு, பொய் சொல்லி அழைத்துச் சென்றதற்கு வருந்துகிறேன் என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"அத அடிச்சிடுங்க. பொய் சொன்னதுக்கு எதுக்கு வருத்தம்? பொய் சொல்லித்தான் வெரலக் காப்பாத்தினேன். நெசத்தச் சொன்னதுக்குன்னு போடுங்க. அந்த டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னதுக்கு. அதான் அவன் மூஞ்சத் திருப்பிக்கிட்டான்."

அப்படியே எழுதினேன். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஐந்தாம் நாள் அட்டை திரும்பி வந்தது, அவன் கையெழுத்துடன். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதையே நான் ஒரு முன்னேற்றமாகக் குறித்துக்கொண்டேன். பதில் வரவில்லை.

"சார், எத்தினி நாள்ல பதில் சொல்லணும்னு சட்டத்துல இருக்கு?"

"மகன்களுக்கு இல்லை அம்மா."

"அரசாங்கத்துக்கு?"

"அவங்களுக்கு இருக்கு. அவங்களும் சொல்றதில்லை."

ஜூனில் ஒரு நினைவூட்டு அனுப்பினோம். அது மாங்காய் பறிப்பின் உச்சம். மாமன் போனில் பேசினார். பையன் லோடுக்குக் கணக்குப் பார்க்கிறான், வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறான், இரண்டு கடிதத்தையும் பெட்டியில் வைத்திருக்கிறான், அதைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுகிறான். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். வேப்பனப்பள்ளி தூரமா என்ன?

"அவன் கூப்டாம நான் போயி நின்னா, வாசல்ல நோட்டு வெச்சிக்கிட்டு நிக்கறவங்களுக்கும் எனக்கும் இன்னா சார் வித்தியாசம்?"

ஜூலையில் இரண்டாவது நினைவூட்டு. அதில் அவர் ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னார்: 'உன் இஷ்டம்.' அரசு நடையில் அதற்கு இணையான சொற்றொடர் எனக்குத் தெரியவில்லை. அப்படியே எழுதினேன். அதன்பின் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். காலையில் வேன், மாலையில் வேன். கொசு ஒழிப்புப் பெண்கள் வந்தார்கள், சுவரில் எழுதினார்கள். துடைத்தாரா என்று நான் கவனிக்கவில்லை.

பதில் ஒரு வியாழக்கிழமை வந்தது. அவர் பண்ணையிலிருந்து திரும்பும்வரை பிரிக்காத உறையோடு என் வீட்டில் இருந்தது; தபால்காரர் என்னிடம் கொடுத்திருந்தார். மாலை வந்து, கையைக் கழுவிவிட்டு, என் எதிரே உட்கார்ந்து, "படிங்க" என்றார். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். நான் படித்தேன்.

'என் நியமனப் பிரதிநிதி என் அம்மா. எனக்கு மறுபடி உடம்புக்கு வந்தால் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். டாக்டரிடம் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எங்கே போகிறோம் என்று என்னிடம் நிஜத்தைச் சொல்ல வேண்டும். நான் வர மாட்டேன் என்று கத்தினாலும் சொல்ல வேண்டும். வண்டியில் நான் சிரித்தேன். அது மட்டும் மறக்க முடியவில்லை.'

கீழே முழுப்பெயர், கையெழுத்து.

நிபந்தனையுடன் கூடிய நியமனம் பிரிவு 14-இல் வராது, அதற்கு முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று தனிப் பிரிவும் தனிப் படிவமும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

"கடைசி ரெண்டு வரி இன்னொரு தரம் படிங்க சார்."

படித்தேன்.

"நான் வேற எதுக்கோ மன்னிப்பு கேட்டிருக்கேன்" என்றார். பிறகு, "வந்த தேதி போடணுமில்ல?" என்றார்.

தாளின் இடது மூலையில், அலுவலகத்தில் போடுவது போல, எழுதினேன்: வரப்பெற்றது, 22.08.2019.